சமம் எனக் கருதலாம்

திண்டுக்கல் கல்லூரியில் நான் படித்த துணைப்பாடம் வேதியியல்.
மதுரையில் அதே நாற்காலியில்
புள்ளியியல் உட்கார்ந்திருக்கிறது.
இவ்வளவுதான் வழக்கு.

அது தன்னாட்சிக் கல்லூரி, இதுவும் தன்னாட்சி.
இரண்டு ஆட்சிக்கும் நடுவே
ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஒரு லெஃப்ட் பேக்.

பெயர் ஒச்சம்மாள்.
சேர்க்கை ஜன்னலில்
ஓச்சம்மாளா உச்சம்மாளா என்று கேட்டுவிட்டு
மூன்றாவதாக ஒன்றை எழுதினார்கள்.
அதைத் திருத்த ஒன்பது நாள்.

மாற்றுச் சான்றிதழில் நடத்தை 'நன்று'.
இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வந்துரும்மா, ஹாஸ்டல் ஃப்ரீ,
காலையில ரெண்டு முட்டை"
என்றிருந்தார் ஜெபமணி சார்.
முட்டை வந்தது.
தகுதிப் படிவத்தின் பதினோராம் கட்டம்
வந்தபாடில்லை:
முன்னர்ப் பயின்ற தாள்கள்
இங்குள்ள தாள்களுக்குச் சமமானவையா?

பென்சீன் வளையத்துக்கும் சராசரிக்கும் என்ன உறவென்று
மூன்று பேராசிரியர்கள் கூடி முடிவெடுக்க வேண்டுமாம்.
ஒருவர் விடைத்தாள் முகாமில்.
ஒருவர் வீட்டில் காதுகுத்து.
மூன்றாமவர் இருந்தார்,
மற்ற இருவரும் வரட்டும் என்றார்.

பழைய பாடத்திட்டம் அறுபத்து நான்கு பக்கம்,
பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் கையெழுத்து.
நாகமலை ஜன்னலோடு கூடவே வரும் பஸ்ஸில்
ஏழு முறை பல்கலைக்கழகம்.
"அடுத்த வாரம் வாத்தா" என்பார் செக்‌ஷன் திரவியம்.
கெட்டவர் இல்லை.
ஒருநாள் தன் டீயில் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

அப்பாவுக்குப் போன் போட்டால்
பின்னால் ஜேசிபி இரைச்சல்.
"காலால உதைக்கிற பந்துக்கு
கெமிஸ்ட்ரி எதுக்குடீ?"
எனக்கும் பதில் தெரியவில்லை.
மண்ணை அள்ளி லாரியில் கொட்டுகிற சத்தத்தைக்
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தேன்.

இதற்கிடையே
படிக்காத பாடத்தில் எனக்கு இரண்டு அரியர்.
தோற்காமலே அரியர்.
கட்டணம் கட்டி, இரவல் புத்தகத்தில் ராத்திரி படித்தேன்.
பட்டியலில் இருந்து விலக்கப்பட்டவளுக்கு
திட்டவிலக்கம்
சுலபமாகத்தான் புரிந்தது.

ரேஸ்கோர்ஸ் மைதானம். அரையிறுதி.
என் இடத்தில் கௌசல்யா, வலதுகால்காரி.
வருகிற பந்தை நிறுத்துவாள், திருப்புவாள்,
அப்புறம் யோசிப்பாள்.
அதற்குள் விருதுநகர்ப் பிள்ளைகள் மூன்று பேர்
அவளைத் தாண்டியிருப்பார்கள்.
கோட்டுக்கு வெளியே
தண்ணீர் பாக்கெட் மூட்டையோடு நான்.
கத்தக்கூட எனக்கு உரிமை உண்டா
என்று எந்தப் படிவத்திலும் இல்லை.
கத்தினேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம்
உயரப் பறந்து வெளியே வந்தது பந்து.
நெஞ்சில் வாங்கினேன். தொடையில் இறக்கினேன்.
இடது பாதத்தின் உள்பக்கம்
அது வந்து நின்றது,
சொன்ன பேச்சுக் கேட்கிற மாதிரி.

கொடி வைத்திருந்தவர் ஓடி வந்தார்.
"லிஸ்ட்ல இருக்கியாம்மா?"
"இல்ல சார்."
"அப்பக் கையால எடுத்துக் குடு."

குனிந்தேன்.
கையால் எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். இடது பக்கமாகத்தான் போனது.
வேனில் யாரும் பேசவில்லை.
கௌசல்யா என் தோளில் சாய்ந்து
"உன் எடத்தைக் கெடுத்துட்டேன்டி" என்று அழுதாள்.
அவள் அழ அழ எனக்குக் கோபம்தான் வந்தது,
யார் மேல் என்று வைப்பது?

கடிதம் மறுநாள் வந்தது.
போட்டிக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.
தபால் பிரிவில் ஞாயிறைக் கழித்திருக்கிறது.
மேற்படி மாணவி பயின்ற தாள்கள்
சமம் எனக் கருதலாம்.
கருதலாம்.
திரவியம் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்:
'அடுத்த வருசம் ஆடுத்தா.'

ஃபைல் அட்டை நல்ல கனம்.
கௌசல்யாவின் ஷின் கார்டு கிழிந்திருந்தது.
இரண்டாக வெட்டி
அவள் காலுறைக்குள் சொருகிக் கொடுத்தேன்.
ஒன்றில் என் பெயர், அந்த மூன்றாவது எழுத்துப்பிழையோடு.

வெள்ளிக்கிழமை புள்ளியியல், இரண்டாம் தாள்.
இனி எழுதத் தேவையில்லை என்கிறார்கள்.
எழுதத்தான் போகிறேன்.
பணம் கட்டியாயிற்று.